சிட்டு ஏன் கடிச்சுது: மதுரை மாடி வீட்டுல ஒரு கன்னிக்குட்டியோட முதல் சில மாசம்

மதுரைல ஒரு மாடி வீடு, அஞ்சு பேர் இருக்கிற குடும்பம், அங்க வந்து சேர்ந்த ஒரு கன்னிக்குட்டி, கன்னிங்கிறது நம்ம ஊரு வேட்டை நாய் இனம், குட்டி பேரு சிட்டு. நாய் பழக்குறது என் தொழில், அவங்க என்னைக் கூப்பிட்டது ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான், குட்டி கடிக்குது. ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பையனோட கால்ல கைல எல்லாம் கீறல், அப்பத்தாவோட சேலை முந்தானை நார் நாரா கிழிஞ்சிருக்கு, சாயங்காலம் ஆனா பிள்ளைங்க ரெண்டும் கட்டில் மேல ஏறி உக்காந்துக்கிட்டு கீழ இறங்கவே பயப்படுதுங்க. குட்டிய வாங்கின ஊர்லயே கொண்டு போய் விட்டுடலாமான்னு பேச்சு வந்தாச்சு. இந்தக் கட்டத்துலதான் நெறைய குட்டிங்க கை மாறுது, இல்லன்னா தெருவுக்குப் போயிடுது, அதனாலதான் இத முழுசா எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

குட்டி வந்த விதம்

வீட்டுக்காரர் சின்ன வயசுல கோவில்பட்டி பக்கம் கிராமத்துல வளந்தவரு, அவங்க தாத்தா வீட்ல கன்னி நாய் இருந்துச்சாம், கருப்பு உடம்பு, கண்ணு மேலயும் கால்லயும் செம்பழுப்பு, அந்த ஓட்டத்த மறக்கவே முடியலன்னு சொன்னாரு. அந்தக் காலத்துல முயல் வேட்டைக்கு வச்சிருந்த இனம் இது, இப்ப 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம், ஆனா அந்த வேகமும் ஓடுறத துரத்துற குணமும் ரத்தத்துல அப்படியேதான் இருக்கு. இத மனசுல வச்சுக்குங்க, பின்னாடி பையன் விஷயத்துல வரும்.

வித்தவரு "ரெண்டு மாசம் ஆகப்போகுது"ன்னு சொல்லித்தான் கொடுத்திருக்காரு. முதல் ஊசி போடப் போனப்போ டாக்டர் வாயத் திறந்து பார்த்துட்டு பின்பல்லே இன்னும் முழுசா வரல, ஆறு வாரத்துக்கு மேல இருக்காதுன்னுட்டாரு. எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கக் கூடாதுன்னு 2017ல வந்த நாய் வளர்ப்பு விற்பனை விதியிலயே இருக்கு. அந்த ரெண்டு வாரத்துல அப்படி என்ன வந்துடப் போகுதுன்னு கேப்பாங்க. கூடப் பொறந்த குட்டிங்களோட உருண்டு விளையாடுறப்போ ஒன்னு பலமா கடிச்சா இன்னொன்னு கத்திட்டு விளையாட்ட நிறுத்திடும், தாயும் மடிய இழுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிடும், இவ்வளவு அழுத்தினா வலிக்கும்ங்கிற அளவ அப்பத்தான் அது கத்துக்குது. சிட்டுக்கு அந்தப் பாடம் பாதியிலயே நின்னு போச்சு. அது வாயில இருந்த பால் பல்லு எல்லாம் ஊசி மாதிரி, அத வச்சு எவ்வளவு அழுத்தலாம்னு அதுக்குத் தெரியாது.

முதல்ல பையனோட கை

நான் போனப்போ குட்டிக்கு ஒன்பது பத்து வாரம் இருக்கும். பழக்குறதப் பத்தி பேசுறதுக்கு முன்னாடியே பையனோட கையத்தான் பார்த்தேன், ரெண்டு இடத்துல தோல் கிழிஞ்சு ரத்தம் வந்து காஞ்ச தடம் இருந்துச்சு. "பால் குட்டிதானப்பா, அதுக்கு என்ன ஊசி"ன்னு அப்பத்தா கேட்டாங்க. இந்த எண்ணம் ரொம்ப ஆபத்து, தயவுசெஞ்சு யாரும் அப்படி விட்றாதீங்க. குட்டிக்கு வெறிநாய்க்கடி தடுப்பூசியே மூணு மாசத்துலதான் போடுவாங்க, அதுவரைக்கும் அதுக்குப் பாதுகாப்பு இல்ல, தாய்க்கு ஊசி போட்டாங்களா, தாயை ஏதாவது தெருநாய் கடிச்சுதான்னு வாங்கினவங்களுக்குத் தெரியவும் தெரியாது. குட்டிக்கும் ரேபிஸ்ங்கிற அந்த வெறிநாய்க்கடி நோய் வரும், அது மனுசனுக்கு வந்துட்டா காப்பாத்த வழி கிடையாது. தோல் கீறினாலே சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவணும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அன்னைக்கே பையனையும் அப்பத்தாவையும் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சோம், 0, 3, 7, 28ன்னு நாலு நாள் கணக்கு போட்டு ஊசிய காசில்லாம போட்டு முடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் மத்த பேச்சு.

வீட்ல ஏற்கனவே செஞ்சு பார்த்தது

ஆளுக்கு ஒரு வைத்தியம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. வீட்டுக்காரரு இது ஓடுற ஜாதி, ஓட்டம் பத்தல அதான் கடிக்குதுன்னு முடிவு பண்ணி சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்ததும் மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் பந்து எறிஞ்சு ஓட விட்டாரு, கீழ வந்தா கடி இன்னும் ஜாஸ்தி, சரி இன்னும் கொஞ்சம் ஓட விடுவோம்னு அடுத்த நாள் நேரத்தக் கூட்டினாரு. அவரோட ஃப்ரெண்டு ஒருத்தர் ரெண்டு தட்டு தட்டி மல்லாக்கப் போட்டு அமுக்குங்க, வீட்ல யாரு தலைவன்னு தெரியணும்னு சொல்லியிருக்காரு. இந்தத் தலைவன் கதை எங்க இருந்து வந்துச்சுன்னா, 1947ல ருடால்ஃப் ஷென்கல்ங்கிற ஆய்வாளர் கூண்டுல அடைச்சு வச்ச ஓநாய்ங்களப் பார்த்து எழுதினதுல இருந்து. அந்தக் கருத்தப் பரப்புன புத்தகத்த எழுதின டேவிட் மீச்சே 1999ல காட்டு ஓநாய்க் கூட்டம்ங்கிறது அப்பா அம்மா பிள்ளைங்க இருக்கிற ஒரு குடும்பம்தான், சண்டை போட்டு தலைவனாகுற கூட்டம் இல்லன்னு எழுதிட்டாரு. பத்து வாரக் குட்டி யாரோட பதவிக்கும் போட்டி போடல. அமுக்கினா பயப்படும், பயந்தா பலமா கடிக்கும், அந்த வீட்ல நடந்ததும் அதுதான்.

அப்பத்தா வைத்தியம் வேற. குட்டி பாய்ல ஒன்னுக்குப் போனா மூக்க அதுல தேச்சு பேப்பரச் சுருட்டி ஒரு அடி. ரொம்ப காலமா எல்லா ஊர்லயும் செய்றதுதான், ஆனா விளைவு எப்படி இருந்துச்சுன்னா சிட்டு ஆள் இருக்கிற இடத்துல ஒன்னுக்குப் போறதையே நிறுத்திடுச்சு, பீரோ பின்னாடி, கட்டிலுக்கு அடில, யாரும் பார்க்காத நேரத்துல போகும். மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் நிக்க வச்சா பக்கத்துல ஆள் நிக்குதேன்னு அடக்கிக்கிட்டு நிக்கும், கீழ வந்து பீரோ பின்னாடி போயிடும். வீடு பூரா பினாயில் போட்டு துடைச்சாங்க, ஆனா கோரைப்பாய் ஈரத்த உறிஞ்சிடுச்சு, நம்ம மூக்குக்குப் போன வாடை அது மூக்குக்குப் போகல, அதனால அதே பாய்க்கே திரும்பத் திரும்ப வந்துச்சு.

நோட்டுல தெரிஞ்சது

மூத்த பொண்ணு பதினொன்னாவது படிக்குது, ரொம்பப் பொறுப்பு. ஒரு பழைய ரூல்டு நோட்டுல கோடு போட்டு சிட்டு எப்ப எந்திரிக்குது, எப்ப சாப்பிடுது, எப்ப ஒன்னுக்குப் போகுது, எப்ப கடிக்குது, எப்ப தூங்குதுன்னு மணி போட்டு எழுதும்மான்னு கேட்டேன். அது எழுதிக் கொடுத்த மூணு நாள் பக்கம்தான் இந்தக் கேஸையே திருப்பிப் போட்டுச்சு.

கடி எல்லாம் சாயங்காலம் ஆறுல இருந்து ஒன்பதரைக்குள்ள குவிஞ்சு கிடந்துச்சு, காலைல ஒன்னு ரெண்டு, மத்தியானம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. தூக்கத்தக் கூட்டிப் பார்த்தா ஒரு நாளைக்கு பத்து பதினோரு மணி நேரம்தான். அந்த வயசுக் குட்டி 18ல இருந்து 20 மணி நேரம் தூங்கணும். எப்படி இவ்வளவு குறைஞ்சுதுன்னா, காலைல அஞ்சு மணிக்கு அப்பத்தா வாசல் தெளிக்க எந்திரிச்சதும் அதுவும் எந்திரிக்கும், பிள்ளைங்க ஸ்கூல் கிளம்புற அமளி, அப்புறம் மத்தியானம் ஒரு தூக்கம், நாலரைக்குப் பையன் வந்து பையப் போட்ட கையோட தூங்குற குட்டிய எழுப்பித் தூக்கிடுவான், பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க வேற வரும், ஆறரைக்கு அப்பா வந்து மாடில ஓட்டம், பதினோரு மணி வரைக்கும் ஹால்ல டிவி, அதுக்கப்புறம் வராண்டால தனியா கட்டிப் போட்டா ரெண்டு மணி வரைக்கும் ஒரே அழுகை. ராத்திரித் தூக்கம் இல்ல, பகல் தூக்கமும் இல்ல. நாலரைல இருந்து ஒன்பதரை வரைக்கும் அஞ்சு மணி நேரம் ஒரேடியா முழிச்சிருக்கு, அந்த வயசுல ஒரு மணி நேரம் முழிச்சிருந்தாலே அதுக்கு அதிகம்.

தூக்கம் வந்த கைக்குழந்தை எப்படி சிணுங்கி எதையாவது பிடிச்சு இழுத்து அடம் பண்ணுமோ அதே கதைதான் இங்கயும். குட்டிக்கு அசதி ஏறினா அடங்காது, கண்ணு சிவந்து, உடம்ப வில்லு மாதிரி வளைச்சு ரூமுக்குள்ள சுத்திச் சுத்தி ஓடி, அசையிற எதையும் கவ்வும். பார்க்கிறவங்களுக்கு இவ்வளவு சக்தி இருக்கேன்னு தோணும், இன்னும் ஓட விடுவாங்க. அப்பா நல்ல மனசோட செஞ்ச மாடி ஓட்டம்தான் ஒன்பது மணிக் கடிய வளத்துவிட்டுச்சு. ஓட்டத்தக் குறைக்கணும், தூக்கத்தக் கூட்டணும்னு சொன்னப்போ அவரு நம்பல, "இது வேட்டை நாய்ங்க"ன்னு மறுபடி மறுபடி சொன்னாரு. நோட்டக் காட்டித்தான் ஒத்துக்க வைக்க முடிஞ்சுது.

மாத்தினது

ராத்திரி இடத்த முதல்ல மாத்தினோம். ஆறு வாரத்துல தாய விட்டுப் பிரிஞ்ச குட்டி வராண்டால தனியா தூங்காது, அழுகைய நிறுத்த அழ விட்டாத்தான் சரியாகும்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஆனா நாய் வீட்டுக்குள்ள படுக்குறதுல அப்பத்தாவுக்கு இஷ்டமில்ல, ஹாலோட ஒரு மூலைல சாமி படம் இருக்கு. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அது அவங்க வீடு. கடைசில எதிர் மூலைல, அப்பத்தா கட்டில் பக்கத்துலயே ஒரு பெரிய அட்டைப்பெட்டிய ஒரு பக்கம் வெட்டி, பழைய காட்டன் சேலைய மடிச்சுப் போட்டு வச்சோம், சாமி மூலைக்குப் போகாம ஒரு தடுப்பு. முதல் ராத்திரி சிணுங்கினப்போ அப்பத்தாவே படுத்த வாக்குல கையத் தொங்கப் போட்டு முதுகுல வச்சுக்கிட்டாங்க, அன்னைக்கு ஒரு மணிக்கு ஒன்னுக்கு எந்திரிச்சத தவிர காலைல வரைக்கும் தூங்கியிருக்கு. யாரு வேண்டாம்னு சொன்னாங்களோ அவங்கதான் அந்தக் குட்டிக்குத் தூக்கத்தக் கொடுத்தது. ராத்திரி எழுந்தா லைட் போடாம, பேசாம, கொஞ்சாம தூக்கிட்டுப் போய் ஒன்னுக்கு முடிச்சதும் திரும்ப பெட்டில வைக்கணும், விளையாட ஆரம்பிச்சா தூக்கம் போயிடும்.

பகலுக்கு ஒரே கணக்கு, ஒரு மணி நேரம் முழிச்சிருந்தா ரெண்டு மணி நேரம் தூக்கம். தானா தூங்காது, அதனால பெட்டிக்குப் பக்கத்துல ஜன்னல் திரைய இழுத்துவிட்டு, கடிக்க ஒரு துணி முடிச்சு கொடுத்து, யாரும் தொடாம விடணும். பையனுக்கு ஒரே ஒரு சட்டம், தூங்குற குட்டிய எழுப்பக் கூடாது. அவன் அத எழுதி பெட்டி மேலயே ஒட்டிட்டான், பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களையும் அவனே தடுத்தான்.

கடிக்கு தனியா செஞ்சது கொஞ்சம்தான். பையன் கடி வாங்கினா கத்திக்கிட்டே ஓடுவான், ஓடுறத துரத்துறதுதான் கன்னியோட பிறவிக் குணம், அதனால அவன் ஓட ஓட அதுக்கு விளையாட்டு ருசிச்சுப் போச்சு. கால ஊனி மரம் மாதிரி நில்லு, கைய கட்டிக்கோ, வேற பக்கம் பாருன்னு அவனுக்குப் பழக்கினோம். எல்லாருக்குமே, பல்லு பட்டா விளையாட்டு அந்த நொடியே முடிஞ்சுது, ஆள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போயிடணும், அரை நிமிஷம் கழிச்சு திரும்பி வந்து துணிக் கயிற நீட்டணும். கைய வச்சு குட்டியோட விளையாடுறத வீட்ல எல்லாருமே நிறுத்தினாங்க. பழைய வேட்டிய முறுக்கி முடிச்சுப் போட்டு நனைச்சு ஃப்ரீசர்ல வச்சுக் கொடுத்தாங்க, அத ஆசையா மென்னுது. முக்கியமா, கடிச்சா முதல் கேள்வி "எப்பக் கடைசியா தூங்குச்சு?" அதுக்கப்புறம்தான் மத்த எதுவும்.

ஒன்னுக்கு விஷயத்துல கோரைப்பாயத் தூக்கி வெளிய போட்டாச்சு, பினாயில நிறுத்தி, மூத்திர வாடைய அடியோட போக்குற என்சைம் கிளீனர் வாங்கினாங்க. மொட்டை மாடில ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்புல மணல் போட்டு, அது ஒன்னுக்குப் போன துணித்துண்டு ஒன்ன அதுல புதைச்சு வச்சோம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் தூக்கிட்டுப் போகணும், அந்த மூணு நேரம்தான் மூத்திரம் முட்டும். எத்தனை மாசமோ அதோட ஒன்னக் கூட்டினா அத்தனை மணி நேரம் அடக்கும்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அது உச்ச அளவு, அத நம்பி உக்காந்திருக்கக் கூடாது. பயம் ஏறின குட்டிங்கிறதால கூடப் போறவங்க நாலடி தள்ளி, முகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கணும், போய் முடிச்ச நொடில அங்கயே வச்சு வேக வச்ச கோழித்துண்டு ஒரு மொச்சைக்கொட்டை அளவு. கீழ வந்து கொடுத்தா எதுக்குக் கொடுத்தாங்கன்னு அதுக்குப் புரியாது. மத்தியான வெயில்ல மொட்டை மாடித் தரை கொதிக்கும், புறங்கைய வச்சு சூடு தாங்க முடியலன்னா குட்டியோட பாதமும் தாங்காது, அந்த நேரத்துக்கு வராண்டா நிழல்ல இன்னொரு சின்ன மணல் டப்பு.

சாப்பாட்டையும் தொட வேண்டியிருந்துச்சு. பாலும் சோறும் மூணு வேளை, கூட அப்பத்தா கொடுக்கிற முறுக்கு பிஸ்கட்டு, அதனால பேதி, பேதியால இன்னும் அசிங்கம். பசும்பாலு நெறைய குட்டிங்களுக்கு ஒத்துக்காது, நிறுத்தினதும் ரெண்டு மூணு நாள்ல கெட்டிப்பட்டுச்சு. டாக்டர் சொன்னபடி முட்டை, கோழி, சோறு நாலு வேளையா பிரிச்சு, கடைசி வேளைய ஏழரைக்குக் கொண்டு வந்தோம். பாயசத்துல மிதக்குற திராட்சை, வெங்காயம், சாக்லேட் மூணும் நாய்க்கு விஷம்னு சொன்னப்போ அப்பத்தா முகம் மாறிடுச்சு, அதுக்கு முந்தின வாரம்தான் பாயசம் வச்சிருக்காங்க, நல்லவேளை குட்டிக்குக் கொடுக்கல. அன்னையில இருந்து அடுப்படில இருந்து எதுவும் கீழ விழாம பார்த்துக்கிட்டது அவங்கதான்.

இன்னொன்னு, ஊசி முடியுற வரைக்கும் வெளிய விடாதீங்கன்னு டாக்டர் சொன்னத குடும்பம் ஜன்னலக் கூட காட்டாம கடைப்பிடிச்சுது. வாந்தி பேதில குட்டிங்களக் கொல்ற பார்வோ நோய் பயம் நிஜம், அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும், தெருநாய் நடக்கிற இடத்துல கால் படவே கூடாது. ஆனா மூணாவது வாரத்துல இருந்து பன்னெண்டு பதினாலு வாரம் வரைக்கும்தான் குட்டியோட மனசு புதுசு புதுசா எல்லாத்தையும் ஏத்துக்கும், நாய்க்குட்டிங்க வளர்றத ஆராய்ச்சி பண்ணின ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965ல எழுதினதுல இருந்து எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயம் இது. தரைல விடாம துணிப்பைல போட்டு நெஞ்சோட அணைச்சு டீக்கடை ஓரம் நின்னா போதும். பஸ் ஹாரன், ஹெல்மெட் போட்ட ஆளு, மாடு, சாவு ஊர்வலத்து வெடி தூரத்துல, ஒவ்வொன்னுக்கும் ஒரு கோழித்துண்டு. அம்மா தினமும் காய் வாங்கப் போறப்போ கூட்டிட்டுப் போனாங்க.

எப்படிப் போச்சு

மூத்த பொண்ணு நோட்ட விடல. முதல் வாரக் கடைசில தூக்கம் பதினாறு மணி நேரத்தத் தாண்டுச்சு, சாயங்காலக் கடி பாதிக்கு மேல குறைஞ்சுது. அதுக்கு அப்புறம் அழுத்தம் குறைய ஆரம்பிச்சுது, வாய வைக்கும் ஆனா தோல் கிழியல. ஒன்னுக்குப் பழக்கம் மெதுவாத்தான் வந்துச்சு, அடி வாங்கின பயம் போறதுக்கு நேரம் எடுக்கும், மூணு மாசம் ஆகுறப்போ பீரோ பின்னாடி போறது நின்னுச்சு.

அதுக்கு நடுவுல ஒரு காதுகுத்து. வீடு பூரா சொந்தக்காரங்க, பதினஞ்சு பிள்ளைங்க, ஸ்பீக்கர், ரெண்டு நாள் சிட்டு தூங்கவே இல்ல. ரெண்டாம் நாள் சாயங்காலம் பழைய சிட்டு அப்படியே திரும்ப வந்துச்சு, முந்தானைய கவ்வி இழுக்குது, ஹால் நடுவுல ஒன்னுக்குப் போகுது. மறுபடி மொதல்ல இருந்தான்னு வீட்டுக்காரர் போன் பண்ணாரு. எல்லாரும் கிளம்பட்டும், ரெண்டு நாள் திரைய மூடி தூங்க விடுங்கண்ணே, வேற எதுவும் செய்ய வேண்டாம்னு சொன்னேன். மூணாவது நாள் சரியாயிடுச்சு. நான் வாயால சொன்னத விட அந்தக் காதுகுத்துதான் அவர முழுசா நம்ப வச்சுது, அதுக்கப்புறம் விருந்தாளி வந்தா அவரே பெட்டியத் தூக்கிட்டுப் போய் உள் ரூம்ல வச்சுடுறாரு.

நாலு மாசத்துல பால் பல்லு விழ ஆரம்பிச்சப்போ டிவி ரிமோட்டும் ஒரு செருப்பும் போச்சு, அது பல்லு அரிப்பு, 42 பல்லும் முளைச்சு முடியுற ஏழு மாசம் வரைக்கும் இருக்கும், மெல்ல சரியான பொருள் கொடுத்துக்கிட்டே இருக்கணும்.

இன்னும் தீராத ரெண்டு விஷயம் இருக்கு. சுருட்டின பேப்பரப் பார்த்தா சிட்டு இப்பவும் ஒடுங்கிப் போயிடுது, காலைல அப்பா பேப்பர் படிக்கிறப்போ மடிப்புக்குள்ள கோழித்துண்டு வச்சு தரைல விரிச்சு விடுறாரு, பக்கத்துல வருது, சுருட்டினா ஓடிடுது. இன்னொன்னு கூப்பிட்டா வர்றது. வீட்டுக்குள்ள பேரச் சொன்னா பாய்ஞ்சு வருது, மாடில பூனையப் பார்த்துட்டா காதே கேக்காது. அவரு கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போய் வயல்ல அவுத்து விட்டுப் பார்க்கணும்னு ரொம்ப ஆசைப்படுறாரு, இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லியிருக்கேன், அங்க ஆடு கோழி ரோடு எல்லாம் இருக்கு. கன்னிக்கு தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே அகலம்ங்கிறதால சாதாரண பெல்ட்டு பின்னாடி இழுத்தா நழுவிடும், இழுத்தா இறுகி விட்டா தளர்ற மார்ட்டிங்கேல் பெல்ட்டும் முப்பது அடி கயிறும் வாங்கியாச்சு, வயல்ல முதல்ல கயித்தோட கூப்பிட்டு வரப் பழக்கணும், பள்ளிக்கூட லீவுல ஆரம்பிக்கிறதா பேச்சு.